மணலுக்குச் சூடு பார்த்த கால்

மைஹூப் இடது காலை மட்டும்தான் நம்புவார். வலது காலுக்குப் பொறுமை போதாது, சுடுவதற்கு முன்பே சுட்டுவிட்டது என்று சொல்லிவிடும் என்பது அவர் கட்சி. எகிப்தின் ஸீவா பாலைவனச் சோலையில், தக்ரூர் மலையின் தெற்குச் சரிவில் முப்பத்தோரு கோடைகளாக அந்த இடது கால்தான் தீர்ப்பு சொல்லி வந்தது. எந்தக் குழியில் ஆளை இறக்கலாம், எந்தக் குழி இன்னும் காய வேண்டும், இன்றைக்கு எத்தனை நிமிடம், எல்லாம் அதன் வாய்ச்சொல்.

காலையில் வெயில் ஏறும்போதே ஸனூஸியும் மற்ற ஆட்களும் ஆள் நீளத்துக்குக் குழிகளைத் தோண்டிப் போட்டுவிடுவார்கள். மத்தியானம் இரண்டு மணிவரை குழிகள் வாயைத் திறந்துகொண்டு காயும். பிறகு மைஹூப் வருவார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு குழியிலும் இறங்கி, இடது காலைக் கணுக்கால்வரை புதைத்து, நாற்பது எண்ணுவார். உதடு அசையாது. எண்ணி முடித்ததும் "இறக்கு" என்பார், அல்லது "இது இன்னும் பச்சை" என்பார். இறக்கு என்றால் முட்டிவலிக்காரர் உள்ளே படுப்பார். கழுத்துவரை மணலை இழுத்து மூடி, தலைக்கு மட்டும் குடை பிடிப்பார்கள். பதினைந்து நிமிடம். அப்புறம் வெளியே தூக்கிப் போர்வையில் சுருட்டி, கூடாரத்துக்குள் கொண்டுபோய், கொதிக்கக் கொதிக்க வெந்தயத் தண்ணீர். காற்று படக்கூடாது, குளிர்ந்த தண்ணீர் நாக்கில்கூடப் படக்கூடாது. மூன்று நாளோ ஐந்து நாளோ இப்படிப் போகும். எல்லாம் முடிந்து உடம்பு ஆறிய பிறகு வெந்நீர் ஊற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள்.

கைத்தடியோடு வந்து தடியை மறந்துவிட்டுப் போனவர்கள் உண்டு. கூடாரத்து மூலையில் அப்படி ஒன்பது தடிகள் சாய்ந்திருக்கின்றன. சரிவுக்கும் கூடாரங்களுக்கும் சொந்தக்காரரான ஷேக் ஜிப்ரீல், புதிதாக வருகிறவர்களிடம் அவற்றைக் காட்டாமல் விடமாட்டார். அதில் இரண்டை அவரே சந்தையில் வாங்கி வைத்தார் என்று ஸனூஸி சொல்லித் திரிகிறான். அதை விசாரிக்க யாரும் போகவில்லை.

மைஹூப் பேரீச்சை பறிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். இருபத்து மூன்று வயதில் குழி வெட்டுகிற கூலியாகச் சரிவுக்கு வந்தார். உச்சிவெயிலில் வெறுங்காலோடு நடந்துகொண்டே, இந்தப் பக்கம் சூடு கூட, அந்தப் பக்கம் குறைச்சல் என்று அவர் போகிற போக்கில் சொல்வதை மற்றவர்கள் முதலில் கிண்டல் செய்தார்கள். சொன்னது ஒன்றுகூடத் தவறாமல் போனதும் மண்வெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். ஒருமுறை கெய்ரோவிலிருந்து ஒரு பேராசிரியர், முழ நீளத்துக்கு ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து குழிக்குழியாகக் குத்திப் பார்த்தார். இரண்டு குழிகளில் வெப்பமானி ஒன்று சொன்னது, மைஹூபின் கால் வேறொன்று சொன்னது. வெப்பமானி சொன்னபடி படுக்கவைத்த ஆள் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் எழுந்து வந்தார். பேராசிரியர் அதை அன்பளிப்பாக விட்டுவிட்டுப் போனார். இப்போது அது ஷேக் வீட்டுக் கோழிக்கூண்டுக்குத் தாழ்ப்பாளாக இருக்கிறது.

இப்படிப்பட்ட பெயர் கிடைத்தால் மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்யும். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட மைஹூப் பூட்ஸ் போடமாட்டார். காலின் காது அடைத்துவிடுமாம். மற்றபடி சாதாரண ஆள். டீயை மூன்று சுற்றும் குடிப்பார், கிளாஸில் பாதி சர்க்கரையாக இருக்கவேண்டும். உட்கார்ந்தால் எழுவதற்குள் கூடையில் பேரீச்சங்கொட்டை குவிந்துவிடும். மகன் பக்ரின், கடற்கரை நகரமான மத்ரூவில் ஓட்டல் வேலையில் இருக்கிறான். வீட்டில் அவரும் மனைவி மப்ரூகாவும்தான். வைத்தியர் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததில்லை. வைத்தியர்கள் கைவிட்டவர்களெல்லாம் தன்னிடம் வரும்போது தான் எதற்கு அங்கே போகவேண்டும் என்பார்.

அந்தக் கோடையின் முதல் நாள், ஜூன் கடைசி. மைஹூப் முதல் குழியில் இறங்கி நாற்பது எண்ணினார். "பச்சை" என்றார். இரண்டாவது குழி, பச்சை. ஐந்து குழியும் பச்சை. அரைமணி நேரம் பொறுத்து மறுபடி இறங்கினார். அப்படியேதான் இருந்தது. வானத்தைப் பார்த்தார். மேகம் ஏது, தூசி ஏது, ஒன்றும் இல்லை.

"மணலுக்கு என்னமோ ஆயிருச்சு" என்றார்.

ஸனூஸி குழிக்கரையில் ஒரு காலை மாற்றி ஒரு காலாக நின்றுகொண்டிருந்தான். நாற்பது வயது ஆள், பத்து வருஷமாகக் குழி வெட்டுகிறவன். "எனக்குப் பொசுங்குதேண்ணே" என்றான்.

"உனக்குப் பொசுங்கும். நாளுக்கு ரெண்டு தடவை சோப்புப் போட்டுத் தேய்ச்சா? உன் கால் கல்யாணப் பொண்ணு கால் மாதிரி ஆயிருச்சு. போ, போய் செருப்பைப் போட்டுக்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஸனூஸி செருப்பைப் போட்டுக்கொண்டான். அத்தோடு மணலைப் பற்றி வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. ஷேக் ஜிப்ரீல் தோல் ஷூவும் வெள்ளைக் காலுறையும் போடுகிறவர். அவர் பாதம் மணலைத் தொட்டே எட்டு வருஷம் இருக்கும்.

இரண்டு வாரம் பார்த்தார் மைஹூப். மணல் சூடேறவில்லை. காரணம் என்னவென்று யோசித்துக்கொண்டே சரிவிலிருந்து கீழே பார்த்தபோது, இருநூறு தப்படிக்கு அப்பால் ஹம்மாதின் புதுக் கிணறு கண்ணில் பட்டது. ஹம்மாத் வேறு யாருமில்லை, மப்ரூகாவின் தம்பி. போன குளிர்காலத்தில்தான் அங்கே கிணறு வெட்டி, நானூறு ஒலிவக் கன்றுகளை வரிசை பிடித்து நட்டிருந்தான். ஸீவாவில் தண்ணீர் குறைந்து யாரும் அழுததில்லை, கூடித்தான் அழுதிருக்கிறார்கள். ஆளுக்கொரு கிணறு தோண்டித் தோண்டி ஏரிகள் வருஷாவருஷம் ஏறுகின்றன, உப்புப் பூத்துத் தோட்டங்கள் சாகின்றன. ஆகவே தண்ணீர்மேல் எந்தப் பழியைப் போட்டாலும் இங்கே நம்புவதற்கு ஆள் உண்டு. ஹம்மாதின் தண்ணீர் மண்ணுக்கு அடியிலேயே ஊறிவந்து மணலைக் குளிரவைக்கிறது என்று மைஹூப் சொன்னார். சொல்லும்போது அவர் மனதார நம்பினார். அவரைப் பொறுத்தவரை காலைத் தவிர எதுவும் கெட்டுப்போகலாம்.

ஷேக் ஜிப்ரீல் வீட்டுக் கூடத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். ஹம்மாத் வாசலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"மச்சான், நீங்களே சொல்லுங்க. பள்ளத்துத் தண்ணி மேட்டுக்கு ஏறுமா? தண்ணிக்குக் கால் முளைச்சிருக்கா?"

"தண்ணிக்கு இல்ல. எனக்கு இருக்கு. அது இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல."

"உங்க ஒத்தைக் காலுக்காக என் நானூறு கன்னையும் காயப்போடச் சொல்றீங்களா?"

"நானா சொல்றேன்? மணல் சொல்லுது."

பெரியவர்கள் தாடியைத் தடவிக்கொண்டார்கள். முப்பத்தோரு வருஷம் தவறாத கால் ஒரு பக்கம், போன குளிர்காலத்தில் நட்ட கன்றுகள் ஒரு பக்கம். கோடை முடிகிறவரை கிணற்றை மூடிவைப்பது என்று முடிவாயிற்று. மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றி ஷேக் வீட்டு ஆணியில் மாட்டினார்கள். ஹம்மாத் அன்றிலிருந்து கழுதை வண்டியில் இரண்டு பீப்பாய் கட்டி, தூரத்து ஊற்றிலிருந்து தண்ணீர் ஏற்றிவந்தான். நானூறு கன்றுக்கு இரண்டு பீப்பாய் எந்த மூலைக்கு? முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று இலை சுருண்டு கருகத் தொடங்கியது.

வீட்டில் மப்ரூகா சண்டை போடவில்லை. புருஷனோடு பேசுவதை நிறுத்திவிட்டு, சுவரோடு பேச ஆரம்பித்தாள். "சுவரே, சோறு ஆறுது" என்பாள். "சுவரே, பக்ரின் போன் பண்ணினான், அவன் அப்பாவைக் கேட்டான்" என்பாள். மைஹூப் சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

கிணற்றை மூடியும் மணல் வழிக்கு வரவில்லை. அவர் நிமிடத்தைக் கூட்டினார். பதினைந்து பதினெட்டாயிற்று, பதினெட்டு இருபத்திரண்டாயிற்று. கூடாரத்தில் மயங்கி விழுகிறவர்கள் அதிகமானார்கள். தன்தா நகரத்திலிருந்து வந்த ஒரு துணிக்கடைக்காரர், தோள்பட்டை உரிந்ததென்று இரண்டாம் நாளே மூட்டை கட்டிக்கொண்டு போனார். எரியுது என்று கத்தினவர்களிடம் மைஹூப் எப்போதும் சொல்வதையே சொன்னார்: "எரியுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்." எல்லா வருஷமும் எல்லோரும் கத்துவதுதானே.

ஆகஸ்டு இரண்டாம் வாரம், மரியாதைக்கு எல்லோரும் உஸ்தாத் என்று கூப்பிடும் ஃபிக்ரி வந்தார். அலெக்ஸாந்திரியாவில் முப்பத்து நான்கு வருஷம் டிராம் கண்டக்டர். நின்று நின்று முட்டி தேய்ந்தவர். இது அவருக்கு ஏழாவது கோடை. மைஹூபுக்கு அவரைப் பிடிக்கும், ஏனென்றால் வாய் சும்மா இருக்காது.

"இந்தக் குழி எது வரைக்கும் போகுது? எறங்கற எடம் சொல்லுப்பா" என்று கேட்டுக்கொண்டே படுப்பார்.

"கடைசி ஸ்டாப் வரைக்கும், உஸ்தாத்."

"மேலோகத்துக்கு இப்ப வேண்டாம். திரும்பி வர டிக்கெட்டும் சேர்த்துக் கிழி."

முதல் இரண்டு நாளும் ஃபிக்ரி குழியிலிருந்து எழுந்தபோது பேச்சே இல்லை. அதைக் கவனிக்கவேண்டிய ஆள் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் மைஹூப் இருபத்தைந்து நிமிடம் என்றார். சிநேகிதர் என்பதால் அவரே தலைமாட்டில் உட்கார்ந்து, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து நிமிடம் ஆனபோது ஃபிக்ரி, "போதும்பா மைஹூப்" என்றார்.

"இன்னும் பத்துதான்."

"இடுப்புல நெருப்பு வச்ச மாதிரி இருக்கு."

"போன வருஷமும் இதேதான் சொன்னீங்க."

"போன வருஷம் பேச்சுக்குச் சொன்னேன். இது நெஜம்பா."

ஒரு காற்று வந்து குடையைச் சாய்த்தது. மைஹூப் அதைப் பிடிக்க எட்டினார். உட்கார்ந்த இடத்தில் சறுக்கி, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை மணலில் பட விழுந்தார். கை தானாகவே பறந்து வந்தது. அவருக்கு முதலில் என்னவென்றே விளங்கவில்லை. தேளோ என்று பார்த்தார். பிறகு வேண்டுமென்றே மணிக்கட்டை ஃபிக்ரியின் மார்புக்குப் பக்கத்தில் மணல்மேல் வைத்தார். ஐந்துவரை எண்ண முடியவில்லை.

அப்போதுதான் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். பழக்கத்தில் அது கணுக்கால்வரை அதே மணலுக்குள் புதைந்து, சொகுசாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் போட்ட கூச்சலைச் சரிவில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். இரண்டு கையாலும் மணலை வாரி எறிந்தார். ஸனூஸி ஓடிவந்து ஃபிக்ரியின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். முதுகும் தொடையும் கொதிதண்ணீர் கொட்டியதுபோல் சிவந்திருந்தன. கூடாரத்துக்குக் கொண்டுபோவதற்குள் கொப்புளம் எழும்பத் தொடங்கிவிட்டது. ஷேக்கின் வண்டியில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

வண்டி மறைந்ததும் ஷேக் ஜிப்ரீல் ஓடிவந்து மைஹூபைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அல்லாவுக்கே புகழ்! சூடு திரும்பி வந்துருச்சு பாத்தியா! கிணத்தை மூடி முப்பத்திரண்டு நாள். நீ சொன்னே, எத்தனை பேர் முணுமுணுத்தாங்க? இப்ப ஒரே நாள்ல ஆளையே வேகவச்சிருச்சு மணல்!"

"ஷேக், அந்த மனுஷன்…"

"அவருக்கு ஒண்ணும் ஆகாது. டிராம் ஆளு, கெட்டித் தோல். நாளைக்குப் பெரியவங்களைக் கூட்டிட்டு வர்றேன். எல்லார் முன்னாடியும் நீ குழியில எறங்கிச் சொல்லு. அந்தக் கிணத்தை சிமெண்ட் போட்டே மூடிருவோம்."

மைஹூப் வாயைத் திறந்தார். கையைத் துணியில் சுற்றிக்கொண்டு நின்றார். சுற்றிலும் ஆட்கள் அவர் தோளைத் தட்டினார்கள், மைஹூபின் கால்னா சும்மாவா என்றார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், கேட்பதற்கு இனிமையாகவும் இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை ஃபிக்ரியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். ஃபிக்ரி கவிழ்ந்து படுத்தபடி, தலையணைக்குள்ளிருந்து பேசினார். "வா வா. முன்பக்கத்தையும் வறுக்கணும்னா இன்னிக்கு முடியாது, சொல்லிட்டேன்."

மைஹூபுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலோரம் போய் நின்றார். மன்சூராவிலிருந்து வந்திருந்த இளம் டாக்டர் கட்டு மாற்ற உள்ளே வந்தவர், தரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாருக்கு ரத்தம்?"

வெள்ளை ஓடு போட்ட தரை. வாசலிலிருந்து கட்டில்வரைக்கும், கட்டிலிலிருந்து ஜன்னல்வரைக்கும் ஒரு குதிகாலின் சிவப்பு அடையாளம், ஒரு தப்படி விட்டு ஒரு தப்படி. தாதி தன் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். டாக்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். மைஹூபும் மற்றவர்கள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அடையாளங்கள் எங்கே வந்து முடிகின்றன என்பதை டாக்டர் கையால் காட்டும்வரை.

உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார்கள். பேரீச்ச மட்டையின் முள், விரற்கணு நீளத்துக்கு, குதிகாலுக்குள் முறிந்து கறுத்துக் கிடந்தது. நாலைந்து நாளாவது ஆகியிருக்கும், நேற்றைய அமளியில் புண் வாய்விட்டிருக்கிறது. டாக்டர் குறடை எடுத்துக் குனிந்தார்.

மைஹூப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். "ஆரம்பிக்கலயா?" என்றார்.

"முடிஞ்சிருச்சு" என்று டாக்டர் முள்ளைக் காட்டினார்.

பிறகு ஊசியால் இரண்டு காலிலும் அங்கங்கே குத்தி, தெரியுதா தெரியுதா என்று கேட்டார். முழங்காலுக்குக் கீழே பாதிவரை தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. விரலில் ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு வந்து, "சர்க்கரை முந்நூத்தி எண்பது. பல வருஷமா இருந்திருக்கும். உணர்ச்சி ஒரே நாள்ல போகாது, கொஞ்சம் கொஞ்சமா போகும். மாத்திரை தர்றேன், ஆனா போனது திரும்பி வரும்னு நான் சொல்லமாட்டேன்" என்றார். காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வெளியே போனார்.



"ஆக, கண்ணு தெரியாத கண்டக்டர்கிட்ட டிக்கெட் வாங்கியிருக்கேன்" என்றார் ஃபிக்ரி.

மைஹூப் எழுந்து போய் அவர் தலையில் முத்தமிட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார், அழுகைதான் வந்தது. ஃபிக்ரி முகத்தைத் திருப்பாமலே கேட்டார்:

"இன்னிக்கு எத்தனை பேர் படுக்கறாங்க?"

"ஆறு பேர்."

"ம்" என்றார் ஃபிக்ரி.

வீட்டுக்கு வந்தபோது மப்ரூகா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். "சுவரே, கால்ல என்னவாம்?" என்றாள்.

மைஹூப் சுவருக்கு எதிரே உட்கார்ந்தார். "சுவரே, அவகிட்டச் சொல்லு. கால் செத்துப்போச்சாம். குத்தினாலும் தெரியல, சுட்டாலும் தெரியலயாம்."

அவள் கை நின்றது. ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினாள். "எத்தனை நாளா?"

"கோடை ஆரம்பிச்சதிலேருந்து. அதுக்கு முன்னாடியேகூட இருக்கும்."

"அப்ப ஹம்மாத் கிணறு?"

மைஹூப் குதிகால் கட்டின் முடிச்சை நெருடினார்.

"பக்ரின் அப்பா, இன்னிக்குப் பெரியவங்க வர்றாங்களாமே. சொல்லிருவீங்கதானே?"

"சொல்லிட்டா அப்புறம் நான் யாரு, மப்ரூகா? குழி வெட்டக்கூட வயசு இல்ல."

அவள் மாவுக் கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "அதுக்கு எனக்குப் பதில் தெரியல. தம்பிகிட்ட இருநூத்தி அம்பது கன்னுதான் மிச்சம் இருக்கு. அதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு மறுபடி பிசையத் தொடங்கினாள்.

இரண்டு மணிக்குச் சரிவில் நல்ல கூட்டம். பெரியவர்கள் ஐந்து பேர் குடை நிழலில் நின்றார்கள். ஆறு நோயாளிகளும் பருத்தி அங்கியோடு, யாருக்கு முதல் குழி என்று தங்களுக்குள் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு கிழவர் காலையிலிருந்தே பயத்தில் ஓதிக்கொண்டிருந்தார். ஹம்மாத் கூப்பிடாமலே வந்து, தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முகம் கறுத்து, தண்ணீர் சுமந்து சுமந்து தோள் இறங்கியிருந்தது.

மைஹூப் செருப்பைக் கழற்றினார். குதிகாலில் சுற்றியிருந்த கட்டுத்துணியையும் அவிழ்த்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முதல் குழியில் இறங்கி இடது காலைப் புதைத்தார்.

நாற்பது எண்ணினார். வழக்கம்போல உதடு அசையவில்லை. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று எண்ணிக்கை போய்க்கொண்டே இருந்தது. சொல்ல வேண்டியதை வரும் வழியில் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. டாக்டருக்கு வயசு போதாது, அவன் ஊசி சரியில்லை, இன்னும் கொஞ்சம் நின்றால் அடியிலிருந்து அந்தப் பழைய சூடு மெதுவாக ஏறிவரும் என்று காத்திருந்தார். எண்பது ஆயிற்று. நூறு ஆயிற்று. முப்பத்தோரு வருஷம் கூப்பிட்டதும் வந்த சூடு அன்று வரவில்லை.

"என்ன மைஹூப், சொல்லு. எப்படிக் கொதிக்குது?" என்றார் ஷேக் ஜிப்ரீல்.

"தெரியல."

இரண்டு பேர் சிரித்தார்கள். மைஹூப் வேடிக்கை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"எனக்குத் தெரியல, ஷேக். சுடுதா இல்லையான்னு இந்தக் காலுக்குத் தெரியல. இந்தக் கோடை முழுக்கத் தெரியல. மணல் எப்பவும் போலத்தான் இருந்திருக்கு. ஹம்மாத் கிணறு ஒண்ணும் பண்ணல. உஸ்தாத் ஃபிக்ரியைச் சுட்டது மணல் இல்ல, நான்."

"வெளையாடாத. பெரியவங்க வெயில்ல நிக்கறாங்க."

"ஸனூஸி முதல் நாளே சொன்னான். நான்தான் அவனைக் கிண்டல் பண்ணி வாயடைச்சேன்."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மைஹூப் குழியைவிட்டு ஏறவில்லை. காலை எடுக்கவுமில்லை. இன்னும் எண்ணிக்கொண்டுதான் நின்றாரோ என்னவோ.

ஹம்மாத் கையை அவிழ்த்துக்கொண்டு வந்தான். செருப்பில்லாத விவசாயக் கால், கல்லும் முள்ளும் பார்த்த கால். குழிக்குள் ஒரு காலை வைத்தவன் "யா அல்லா!" என்று துள்ளினான். துள்ளினவன் ஏறி ஓடாமல், மைஹூபை இடுப்போடு சேர்த்துப் பிடித்தான்.

"வெளிய வாங்க மச்சான்! கால் வேகுது! வாங்கன்னா!"

தூக்கி வெளியே போட்டான். இடது பாதத்தின் அடித்தோல் வெளுத்து, ஓரத்தில் சுருங்கி எழும்பியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. பயந்துபோயிருந்த கிழவர் ஓதுவதை நிறுத்திவிட்டார். ஷேக் ஜிப்ரீல் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர்களில் ஒருவர்தான் முதலில் பேசினார்.

"இன்னிக்கு யாரும் படுக்க வேண்டாம். ஸனூஸி, ஷேக் வீட்டுக்கு ஓடு. அந்த பெல்ட்டை எடுத்துட்டு வந்து ஹம்மாத்கிட்டக் குடு."

ஹம்மாத் மைஹூபைக் கழுதை வண்டியில், காலி பீப்பாய்களுக்கு நடுவில் உட்காரவைத்துக் கீழே ஓட்டினான். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான். "அறிவிருக்கா மச்சான் உங்களுக்கு? மணலைக் கேட்டீங்க, காலைக் கேட்டீங்க, வீட்டுல இருக்கற மனுஷங்களைக் கேட்டீங்களா? நூத்தி அம்பது கன்னு! ஒவ்வொண்ணுக்கும் நான் பேர் வைக்காத குறை! இதுல காலையும் வேகவச்சுக்கிட்டு வந்து உக்காந்திருக்கீங்க!" மைஹூப் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மோட்டார் அறைக்கு முன்னால் ஸனூஸி மூச்சிரைக்க பெல்ட்டோடு நின்றான். மாட்டினார்கள். மோட்டார் இரண்டுமுறை இருமிவிட்டுப் பிடித்தது. குழாய் கொஞ்சம் துரு கக்கியது, பிறகு தெளிந்து கொட்டியது. காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் கன்றுகளை நோக்கி ஓடியது.

ஹம்மாத் மைஹூபை வாய்க்கால் கரையில் உட்காரவைத்து, வெந்த காலைத் தன் இரண்டு கையாலும் ஏந்தி, தண்ணீருக்குள் இறக்கிப் பிடித்துக்கொண்டான். திட்டுவதை எப்போது நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியாது.

"சில்லுன்னு இருக்கா மச்சான்?"

மைஹூப் தன் பாதத்தின் மேல் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். ஹம்மாதின் விரல்கள் குளிரில் விறைத்துச் சுருங்கியிருந்ததையும் பார்த்தார்.

"இருக்கும்" என்றார்.